நாற்பத்தோராம் நாடாவில் ஒரு பெயர்

லண்டனில் இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டால் மூன்று கேள்விகள் வரும். முதலாவது, "ஊரில எவடம்?" ஊரின் பெயரைச் சொல்லிவிடலாம், பாதகமில்லை. இரண்டாவது, "எந்தக் கோயிலடி?" இந்த இடத்தில் சிலருக்கு உள்ளங்கை வியர்க்கத் தொடங்கும். மூன்றாவது, "ஆரின்ர மகள்?" இதற்குப் பதில் கிடைத்த கணமே கேட்டவர் தன் மனதுக்குள் உங்களுக்கு ஒரு நாற்காலி போடுவார், அல்லது போடாமல் விட்டுவிடுவார். கேட்கிறவர்கள் கெட்டவர்களும் இல்லை. கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, வடையைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடுதான் கேட்பார்கள். அதுதான் எனக்கு எரிச்சல்.

சந்திரவதனா மோர்டனில் இருபத்திரண்டு வருடமாக அந்த மூன்றாவது கேள்வி வராமல் பார்த்துக்கொண்டவள். "நாங்கள் வவுனியாப் பக்கம், அப்பா கச்சேரியில வேலை" என்று முதல் கேள்விக்கே மூன்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவாள். வவுனியாவில் நாலு ஊர்ச் சனமும் கலந்து கிடந்ததால் மேற்கொண்டு யாரும் கிண்டுவதில்லை. ஜெர்மனியில் இருந்த மூன்று வருடத்திலும் இதே பதில்தான். பொய் பழகிப் பழகி, அப்பா அரசாங்கக் கச்சேரி மேசையில் இருந்து பேப்பரில் கையெழுத்து வைப்பதைக்கூட அவளால் சில நேரம் கண்ணால் பார்க்க முடிந்தது.

அப்பா கச்சேரி வாசலைக்கூட மிதித்தவரில்லை. நாகமணி செத்தவீடுகளில் பறை அடித்தவர். அது அவர் விரும்பி எடுத்த தொழிலல்ல. பிறப்போடு கழுத்தில் கட்டிவிட்டார்கள். பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் ஆள் வரும், போகாமல் இருக்க ஏலாது. படலைக்கு வெளியே வேலியோரம் நின்று அடிக்க வேண்டும். தேத்தண்ணி கோப்பையில் வராது, தேங்காய்ச் சிரட்டையில் வரும். பெயரைக்கூட முழுதாய்க் கூப்பிட மாட்டார்கள். நாகமணி என்ற பெயர் அவர்கள் வாயில் நாகன் ஆகிவிடும். அந்தக் கோபத்தில்தானோ என்னவோ, பிறந்த பெட்டைக்கு ஊரிலேயே நீளமான பெயராகத் தேடி சந்திரவதனா என்று வைத்தார். ஊர் அவளையும் சந்திரி ஆக்கியது.

அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒருநாள் விடியமுன் பெட்டி படுக்கையோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ஏன் என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை. வவுனியாவில் அப்பா காடு வெட்டினார், மூட்டை சுமந்தார், பறையை மட்டும் தொடவில்லை. அவருக்கு இடது காது கேட்காது. காய்ச்சலில் போன காது என்பார். அதனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு பழக்கம்: அப்பாவிடம் எதைச் சொல்வதென்றாலும் வலது பக்கம் போய் நின்றுதான் சொல்வார்கள். தொண்ணூற்றெட்டில் வவுனியா ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் உயிர் போகும்போதும் அவள் வலது பக்கம்தான் நின்றிருந்தாள்.

லண்டனில் பத்து வருடம் சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் இருந்தாள். பிறகு மோர்டன் நூலகத்தில் ஒரு அறிவித்தல் கண்ணில் பட்டது. நகரத்தின் நடுவே இருக்கும் ஒரு இசை ஆவணக்காப்பகத்துக்குத் தமிழ் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத ஆள் வேண்டும், கிழமைக்கு இரண்டு நாள் வேலை. நிலவறையில் சன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த நிமிடத்தில் யார் என்ன பாடினார், என்ன பேசினார் என்று டைப் பண்ண வேண்டும். அவளுக்குக் கூர்மையான காது. மூன்றாவது வீட்டுக் குழந்தை சிணுங்குவதும் விளங்கும். "உங்கட காதுக்கு இன்சூரன்ஸ் எடுக்கவேணும் அக்கா" என்பாள் பெனிற்றா. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் அவள். மன்னாரில் இருந்து வந்த பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவள், தமிழை மெதுவாக, பிழை வந்துவிடுமோ என்ற பயத்தோடு பேசுவாள்.

வேலை வின்ஃபோர்ட் சேகரிப்பில். மிஸ் வின்ஃபோர்ட் என்ற ஆராய்ச்சிக்கார வெள்ளைக்காரி எழுபத்தொன்பதில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஒலிப்பதிவு இயந்திரத்தோடு போய், கோயில், கலியாணவீடு, செத்தவீடு என்று அறுபத்துநாலு நாடா பதிந்துகொண்டு வந்து, நாற்பது வருடம் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுச் செத்துப்போனாள். பாடினவர்களையும் அடித்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்டதாக எங்கேயும் எழுத்தில் இல்லை. அட்டைகளில் வீட்டுக்காரரின் பெயர் இருக்கும், வீட்டின் பெயர் இருக்கும். அடித்தவர்களுக்கு மட்டும் பெயருக்குப் பதில் சாதி இருக்கும். பெனிற்றாவின் தலையிடி இதுதான். இந்த நாடாக்கள் யாருக்குச் சொந்தம், யாரைக் கேட்டுத் திறப்பது? கடைசியில் காப்பகம் ஒரு முறை வைத்துக்கொண்டது. குரல் யாருடையதோ அவரை, அல்லது அவர் பிள்ளைகளைத் தேட வேண்டும். அவர்கள் சொல்வதே முடிவு. குரல் யாருடையதென்று தெரியாவிட்டால் அந்த வீட்டுக்காரரைக் கேட்கலாம். பழைய அட்டையை எறிவதில்லை. அதன்மேல் புது அட்டை ஒன்றைச் செருகி, பிழையும் திருத்தமும் ஒன்றாகவே இருக்க விடுவார்கள்.

போன மாரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாற்பத்தோராம் நாடா அவள் காதுக்கு வந்தது. ஒரு செத்தவீடு. பதினொரு நிமிடம் பறை. அது முடிந்ததும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒரு குரல், "மிஸ் பேர் கேட்கிறா" என்கிறது. தூரத்தில் ஒரு கனத்த குரல், "உவைக்குப் பேர் என்னத்துக்கு? நாகன் எண்டு எழுதட்டும், போதும்" என்கிறது. அப்போது மிஸ் வின்ஃபோர்ட் மைக்கைப் பறை அடித்தவரிடம் நீட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த குரல் அவ்வளவு கிட்டத்தில், மூச்சோடு வருகிறது.

"எழுதுங்கோ மிஸ். என்ர பேர் நாகமணி. சின்னத்தம்பி நாகமணி."

பிறகு கன்னத்தில் ஒரு அறை விழுகிற சத்தம். பிறகு யாரோ, "உந்த மெஷினை நிப்பாட்டுங்கோ" என்கிறார். அதோடு நாடா முடிகிறது.

சந்திரவதனா ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றினால் அப்பா மறுபடியும் போய்விடுவார் என்று ஒரு விசர் எண்ணம். அவர் செத்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் குரலை அவள் மறந்தே போயிருந்தாள், மறந்ததுகூட அவளுக்குத் தெரியாது. பெட்டிமேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். வீட்டுக்காரரின் பெயர், ஊர், திகதி. ஊரைவிட்டு அவர்கள் கிளம்பின அதே கிழமை. காய்ச்சலில் போன காது எப்படிப் போனதென்று ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு விளங்கியது.

அழுதிருந்தால் நல்லது. அவள் அழவில்லை. கதவுக்கு வெளியே பெனிற்றாவின் செருப்புச் சத்தம் கேட்டது. சந்திரவதனாவின் விரல்கள் தாங்களாகவே டைப் பண்ணின. "11:52. ஒரு ஆண் குரல். தெளிவில்லை."

அந்த நாடா முழுவதிலும் தெளிவான குரல் அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து அவர் அவளை விடவில்லை. பேய் என்று சொல்லமாட்டேன், அவளும் சொல்லவில்லை. ஆனால் மோர்டனில் ரயில் கதவு மூடும்போது "எழுதுங்கோ மிஸ்" என்று கேட்டது. வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் அதே தாளத்தைப் பிடித்தது; உடுப்பைப் பாதியில் வெளியே இழுத்துப் போட்டாள். விம்பிள்டன் கோயிலில் மேளம் தொடங்கியதும் இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற பெண் காதுவலியா என்று கேட்டாள். ஓம் என்றாள். புருஷன் ஜீவரத்தினத்திடம் மட்டும் சொன்னாள். அவன் கரண்ட் வேலை செய்கிறவன், அதே பிறப்புக்காரன், அதே பயத்தோடு வளர்ந்தவன். கேட்டுவிட்டுக் கறிக்கோப்பையைத் தள்ளி வைத்தான். "விடும் சந்திரா. அவருக்கு இனி நோகாது. எங்களுக்குத்தான் நோகும்" என்றான்.

விட்டுவிடலாம் என்றுதான் அவளும் இருந்தாள். ஆனால் எட்டு மாதத்துக்குப் பிறகு செல்வரத்தினம் அண்ணை அவள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

செல்வரத்தினத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவரைத் தப்பாக நினைப்பீர்கள். ஜெர்மனியில் இருந்து சூட்கேசும் கைக்குழந்தையுமாக அவர்கள் வந்து இறங்கியபோது தன் வீட்டு மேல்மாடி அறையைத் திறந்துவிட்டவர் அவர். கவுன்சிலில் எஞ்சினியராக இருந்து இளைப்பாறியவர், ஊர்ச்சங்கத் தலைவர். அதே ஊர். பிழை விட்டுவிட்டோம் என்று சந்திரவதனாவுக்கு அவர் வீட்டில் இறங்கிய இரண்டாம் நாளே தெரிந்தது, ஆனால் போக வேறு இடம் இருக்கவில்லை. அவர் இருபது வயதிலேயே படிக்க லண்டன் வந்துவிட்டதால் அவளைத் தெரியாது. வவுனியா என்றதும் நம்பிவிட்டார். மூன்றாவது கேள்வியை அவர் கேட்டதே இல்லை. அவளைத் தங்கச்சி என்றார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து, "தங்கச்சியின்ர கையால தேத்தண்ணி குடிச்சாத்தான் எனக்குப் பண்டிகை" என்று இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போவார்.

அன்றும் தேத்தண்ணிக்காகக் காத்திராமல் வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, உம்மட ஒஃபிசில எங்கட பெத்தப்பாட செத்தவீடு கிடக்காம்! சங்கத்துக்கு லிஸ்ட் அனுப்பியிருக்கினம். நாற்பத்தோராம் நாடா. அதில அப்பா கதைக்கிறாராம்."

அவருக்கு அறுபத்தெட்டு வயது. கண் நிறைந்திருந்தது. அப்பாவின் அப்பா, அந்தப் பெத்தப்பாவின் செத்தவீட்டுக்கு அவரால் போக முடியவில்லை. தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து ஓடுகிற வழியில் அப்பா செத்தார், அதற்கும் போக முடியவில்லை. வீடு ஷெல்லில் போனது, படங்கள் வீட்டோடு போயின. அப்பாவின் முகம் ஒரு துண்டுப் படத்தில்கூட மிச்சமில்லை. "குரல் எண்டாலும் கிடைச்சுதே" என்றார். சந்திரவதனா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள்.

அடுத்த கிழமையே காப்பகத்தில் சந்திப்பு. மாடியில் ஒரு அறை, நீள மேசை, சுவரோரம் ஒரு பெரிய ஸ்பீக்கர். அந்த அலுவலகத்துத் தேத்தண்ணியை வாயில் வைக்க ஏலாது என்பதால் சந்திரவதனா வழக்கம்போல் வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவந்திருந்தாள். செல்வரத்தினத்துக்கு ஒரு கோப்பை ஊற்றி வைத்தாள். அவர் பாதி குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெனிற்றா கடதாசிகளை அடுக்கினாள். "ஐயா கேட்டது இரண்டு விஷயம்" என்றாள், ஒவ்வொரு சொல்லையும் எண்ணி வைப்பவள்போல. "ஒரு பிரதி வேணும், சங்கத்தில அப்பாட நினைவு நாளுக்குப் போட. மற்றது, நாங்கள் எழுதினதை வாசிச்சவர், அப்பாட குரலுக்குப் பிறகு வாற கடைசித் துண்டை வெட்டித்தர வேணும். எங்கட நாடாவை நாங்கள் வெட்டமாட்டம். ஆனா மறுக்கிற ஆக்கள் ஒருவரும் இல்லாட்டி, பிரதியை வெட்டிக் குடுக்க ஏலும். அடிச்சவையைத் தேடினம். நாகன் எண்டதுக்கு மேல பேர் ஒண்டும் இல்லை. உந்த ஊர்த் தமிழ் என்ர காதுக்குப் பிடிபடாது, சந்திரா அக்கா எழுதினதிலயும் தெளிவில்லை எண்டு இருக்கு. அப்ப, வீட்டுக்காரர் சொல்லுறதுதான் முடிவு. அக்கா இன்னொருக்காக் கேட்டு, சரி எண்டு கையெழுத்து வைக்கவேணும். அவ்வளவுதான்."

சந்திரவதனாவுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. அப்பாவுக்கு எதிரான சாட்சி அவள் எழுதிய அந்த ஒரு சொல். பெயரை அன்று ஒருத்தர் கையால் அடித்து அடக்கினார். இரண்டாம் தரம் அடக்கியது அவருடைய சொந்த மகள், சன்னலில்லாத அறையில், யாரும் கேட்காமலே. மூன்றாம் தரத்துக்கு இப்போது கையெழுத்துக் கேட்கிறார்கள்.

நாடாவைப் போட்டார்கள். பறை அறையை நிறைத்தது. செல்வரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். பதினொரு நிமிடம் ஓடியது. பிறகு அந்தக் கனத்த குரல் வந்தது, "உவைக்குப் பேர் என்னத்துக்கு?" அவர் முகம் அப்படியே உடைந்தது.

"அப்பாதான். என்ர அப்பாதான் தங்கச்சி" என்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். தகப்பன் என்ன சொன்னார் என்பது அவர் காதில் விழவே இல்லை. அந்தக் குரலே அவருக்குப் போதுமாயிருந்தது. சந்திரவதனாவுக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. தன் அப்பாவின் குரலைக் கேட்டு நாலு பேர் முன்னால் வாய்விட்டு அழ அவரால் முடிகிறதே.

நாகமணி தன் பெயரைச் சொன்னார். அறை விழுந்தது. நாடா நின்றது.

"மைக் விழுந்திருக்கு" என்றார் செல்வரத்தினம், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "உந்தத் துண்டுதான் தேவையில்லை. சனத்துக்கு முன்னால போட்டு என்ன, சரியில்லைத்தானே."

பெனிற்றா தாளையும் பேனாவையும் சந்திரவதனா பக்கம் நகர்த்தினாள். அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைத் தாண்டி மேலே போய், "தெளிவில்லை" என்பதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் எழுதினாள். எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போனது.

"என்ன தங்கச்சி எழுதுறீர்?"

"பேர் அண்ணை. அவர் பேர் சொன்னவர். நான்தான் எழுதாமல் விட்டனான்."

"உமக்கு எப்பிடி..."

"நீங்கள் என்னட்ட அந்த மூண்டாவது கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தா நான் பொய்தான் சொல்லியிருப்பன். இப்ப கேட்காமலே சொல்லுறன். நான் வவுனியா இல்லை. நான் உங்கட ஊர். நாகமணியின்ர மகள்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அது மைக் விழுந்த சத்தம் இல்லை, அண்ணை. அதுக்குப் பிறகு அப்பாவுக்கு இடது காது கேட்கேல்லை. சாகுமட்டும் கேட்கேல்லை."

செல்வரத்தினம் அவளைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"நான் அப்ப லண்டனில" என்றார் கடைசியில். "எனக்கு இதொண்டும் தெரியாது."

"ஓம். உங்களுக்குத் தெரியாது."

"இருபத்திரண்டு வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மேல்மாடி அறை கிடைச்சிருக்குமா, அண்ணை?"

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஓம் என்று ஒரு பொய்யாவது சொல்லுவார் என்று அவள் எதிர்பார்த்தாள், சொல்லியிருந்தால் நம்பியுமிருப்பாள். அவர் கை பழக்கத்தில் கோப்பையை நோக்கிப் போனது. கோப்பையின் காதைப் பிடித்துத் தூக்கப்போனவர் அப்படியே நிறுத்திவிட்டார். கை மேசைமேல் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"நான் போயிட்டு வாறன்" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. கோப்பையில் பாதித் தேத்தண்ணி ஆடை படிந்து கிடந்தது. குடித்த பாதி பெயருக்கு முந்தியது. மிச்சம் பெயருக்குப் பிந்தியது. இருபத்திரண்டு வருடம் அவள் எதற்குப் பயந்தாளோ அது கடைசியில் இவ்வளவு சின்னதாக, ஒரு கோப்பையின் அடியில் இருந்தது. நெஞ்சு வலித்தது. தாங்கமுடியாத வலி என்று நினைத்திருந்தாள், தாங்க முடிந்தது.

பெனிற்றா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் முழுதாக விளங்கியதோ இல்லையோ, விஷயம் விளங்கிவிட்டது.

"அக்கா, இனி இது உங்கட முடிவு. நாடாவைப் பூட்டி வைக்கலாம். திறக்கலாம். அவருக்குப் பிரதி குடுக்க வேண்டாம் எண்டாலும் சொல்லலாம்."

குடுக்க வேண்டாம் என்ற சொல் சந்திரவதனாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தாலும் நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மனிதருக்கு அப்பாவின் குரல் வேறெங்கும் இல்லை. அவளுக்கும் இல்லை. இரண்டும் ஒரே நாற்பது செக்கனுக்குள் கிடந்தன.

"குடுங்கோ" என்றாள். "வெட்டாமல் குடுங்கோ. அவரின்ர அப்பா வேணுமெண்டா என்ர அப்பாவையும் சேர்த்துத்தான் கேட்கவேணும்."

புது அட்டையை அன்றே எழுதினார்கள். பழையது அப்படியே அடியில் இருந்தது, சாதிப் பெயரோடும் மிஸ் வின்ஃபோர்ட்டின் சாய்ந்த எழுத்தோடும். அதன்மேல் புதியது: பறை, சின்னத்தம்பி நாகமணி. அடையாளம் சொன்னவர், மகள் சந்திரவதனா. பெனிற்றா அட்டையை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

சந்திரவதனா கோப்பையைக் கழுவிப் பிளாஸ்கோடு பைக்குள் வைத்தாள். விளக்கை அணைக்கப் போனவள் திரும்பி வந்து, நாடாவை 11:50இல் வைத்து மறுபடி ஓடவிட்டாள். "எழுதுங்கோ மிஸ்" என்றார் அப்பா. நாற்பத்தைந்து வருடமாக அதையே கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு ஒருவரும் பதில் சொல்லியிருக்கவில்லை. அறை விழுவதற்கு முன் அவள் நிறுத்தினாள். எழுந்து ஸ்பீக்கரின் வலது பக்கம் போய்க் கிட்ட நின்றாள்.

"எழுதிட்டன், அப்பா" என்றாள்.